பதினோரு சுழி

மடுகரையில் முத்துசாமியைக் கேட்காமல் நாலு காலுள்ள எதையும் யாரும் வாங்குவதில்லை. மாடானாலும் குதிரையானாலும், ரோமம் எங்கெங்கே சுழித்து நிற்கிறது என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, வாங்குகிற குடும்பத்துக்கு அது ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவார். கட்டில் வாங்கப் போகிறவர்கள்கூட இவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று பிரேமா கேலி செய்வாள். அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுதான். புருஷனுக்குப் பெரியப்பா, தனக்கு மாமனார் முறை. அந்த மரியாதையை அவள் ஒருநாளும் விட்டதில்லை. ஒரே ஒரு நாள் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் புருஷன் தங்கராசுக்கு ஒன்றரைக் காணி கரும்பு இருந்தது. அதோடு பந்தல், சீரியல் செட், மணவறை மேடை வாடகைக்கு விடும் தொழில். காதுகுத்து, மாப்பிள்ளை அழைப்பு என்று வருகிறவர்கள் எல்லாம் குதிரை உண்டா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர். அவர்களோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? செல்போனில் எங்கோ வெளிநாட்டில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட மட்டக்குதிரை ஒன்றின் மேல் குழந்தைகள் சவாரி செய்வதைப் பார்த்ததிலிருந்து தங்கராசுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. வாங்கினால் புள்ளிக் குதிரைதான் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

ஆடி மாசம் அந்தியூர் குதிரைச் சந்தைக்கு மூன்று பேராகப் போனார்கள். தங்கராசு போனான், அவன்தான் வாங்குகிறவன். முத்துசாமி போனார், அவர்தான் பார்க்கிறவர். பிரேமா போனாள், தீனி வைப்பதும் லத்தி அள்ளுவதும் யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரியும்.

சந்தையில் இரண்டு மட்டக்குதிரைகள் பிடித்திருந்தன. ஒன்று செம்பழுப்பு. உருண்ட உடம்பு, தெளிந்த கண். பக்கத்தில் போனதும் யாரென்று திரும்பிப் பார்த்தது. முத்துசாமி அதன் முன்னங்காலைத் தடவினார், சுட்டதுபோல் கையை எடுத்தார்.

"விலங்குச் சுழி. வாங்கனவன் கால்ல விலங்கு மாட்டி வுட்டுரும். வாணாம்பா."

செம்பழுப்பின் கதை அத்தோடு முடிந்தது.

மற்றது பெட்டைக்குட்டி. நாலு வயசு. வெள்ளை உடம்பில் கழுத்திலிருந்து வால் வரைக்கும் அரக்கு நிறப் புள்ளிகள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல். தரகர் கொங்குநாட்டு மரியாதையோடு விளக்கினார்.

"இதனோட அப்பன் அமெரிக்கா ஜாதிங்க. பெங்களூருல ரைடிங் ஸ்கூலுக்குன்னு இறக்குனது. மூக்கைப் பாருங்க, கருப்பும் ரோஸுமாக் கலந்திருக்குது. குளம்புல கோடு ஓடுது. முழியைச் சுத்தி மனுசனாட்ட வெள்ளை தெரியுது. இந்த மூணும் இருந்தாத்தானுங்க அசல் புள்ளி ஜாதி. இல்லாட்டி சும்மா சாயம்."

முத்துசாமிக்கு அமெரிக்கா ஒரு பொருட்டே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். நெற்றி, கழுத்து, மார்பு, விலா, தொடை இடுக்கு, வயிற்றின் அடி. ஆட்கள் கூடிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பதினோரு சுழி. ராஜ சுழி, லட்சுமி சுழி என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லச் சொல்ல, தங்கராசின் முகம் மணவறை விளக்கு மாதிரி எரிந்தது.

கடைசியாக முகத்துக்கு வந்தார். குதிரை வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்படுவது கண்ணீர்ச் சுழிக்கு. கண்ணுக்குக் கீழே, நீர் இறங்கும் தடத்தில் ரோமம் சுழித்திருந்தால், வாங்கினவன் வீட்டில் அழுகை நிற்காது என்பார்கள். அந்த இடத்தில் ரோமம் நனைந்து ஒட்டிக் கிடந்தது. வலது கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முத்துசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து ஈரத்தைத் துடைத்தார். வாயால் ஊதிக் காயவைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"சுழி இல்ல. சுத்தம்."

"கண்ணுல தண்ணி வந்துகினே கீதே, மாமா" என்றாள் பிரேமா.

"புழுதிங்கம்மா" என்றார் தரகர். "இந்தச் சந்தையில யாரு கண்ணுலதான் தண்ணி வரலைங்க?"

அது உண்மைதான். அவளே காலையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் இன்னொரு தரம் கேட்டாள். "ஒரு கண்ணுல மட்டும் வருதே?" தங்கராசு திரும்பி, "பெரியப்பா பாத்துனு கீறாருல்ல, நீ சும்மா இரு" என்றான். அப்போது அந்தக் குட்டி கழுத்தை நீட்டித் தன் தாடையை அவள் தோள்மேல் வைத்துக்கொண்டது. ஏதோ இவளைத் தேடித்தான் அதுவரைக்கும் வந்ததுபோல. பிரேமா உருகிப்போனாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை. பின்னால் எத்தனையோ நாள் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டது இந்த ஒன்றுக்காகத்தான்.

உடம்பில் சோழியை அள்ளி இறைத்ததுபோல் இருந்ததால் சோழி என்று பெயர் வைத்தாள்.

இரண்டு மாசம் நன்றாகத்தான் போனது. கொள்ளு ஊறவைத்து, தவிடு கலந்து வைப்பாள். கரும்புத் தோகை என்றால் சோழிக்கு உயிர். குளம்பில் சேறு சேரவிடாமல் காலையிலும் சாயங்காலமும் கழுவி, காயவைத்து, விளக்கெண்ணெய் தடவினாள். ரோஸ் நிற மூக்கு வெயிலில் பொரிந்துபோகிறது என்று தெரிந்ததும் பந்தல் துணியைக் கிழித்து நிழல் கட்டினாள். திருக்கனூரில் ஒரு காதுகுத்து, வில்லியனூரில் இரண்டு மாப்பிள்ளை அழைப்பு. போன இடமெல்லாம் மாப்பிள்ளையை விட்டுவிட்டுச் சோழியைப் படம் பிடித்தார்கள். தங்கராசு நடந்தபோது தரையில் கால் பாவவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட வாரம், ஒரு காலையில் சோழி வலது கண்ணைத் திறக்கவில்லை. இமை வீங்கியிருந்தது. பிரேமா கைவைத்ததும் தலையை உதறி ஒதுங்கியது. அதுவரை அவளிடமிருந்து அது ஒதுங்கியதே இல்லை. மெல்லப் பேசி, கழுத்தைத் தடவி, இமையை விலக்கிப் பார்த்தாள். கருவிழிமேல் நீலமாகப் புகை படர்ந்திருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் பிரியதர்ஷினி சின்ன வயசுப் பெண். வீட்டுக்கே வந்தார். கொட்டகையின் வாசலில் பந்தல் துணியைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, கண்ணுக்குள் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வாங்கறப்போ இப்படி லைட் அடிச்சுக் கண்ணைப் பாத்தீங்களாக்கா?"

"சுழி பாத்தோம் டாக்டர்."

"எத்தனை?"

"பதினொன்னு."

டாக்டர் டார்ச்சை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

"இது புதுசு இல்லக்கா. உள்ள பழைய தழும்பு தெரியுது. வாங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு தடவை வந்து போயிருக்கு. கண்ணோட உள்பக்கம் வீங்கற வியாதி. வரும், போகும், திரும்ப வரும். ஒவ்வொரு தடவை வர்றப்பவும் கொஞ்சம் பார்வையை எடுத்துக்கினு போவும். எந்தக் குதிரைக்கும் வரலாம். ஆனா இந்தப் புள்ளி ஜாதிக்கு ரொம்ப அதிகம். புள்ளி எந்த வழியா வருதோ அந்த வழியாவே இதுவும் வருது."

"இன்னா பண்ணா போவும்?"

"போகாதுக்கா. அடக்கி வைக்கலாம். நல்லாக் கவனிச்சா தள்ளிப் போடலாம்."

"எம்மாம் நாளைக்கு?"

அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நல்ல பெண், பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று பிரேமாவுக்கு அன்று இருந்தது.

அதன்பிறகு அவளுடைய பொழுதைக் கடிகாரம் ஓட்டவில்லை, சொட்டு மருந்து ஓட்டியது. கண்பாப்பாவைப் பெரிதாக்கும் மருந்து ஒன்று, வீக்கத்துக்குக் களிம்பு ஒன்று, வலிக்குப் பொடி ஒன்று. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம். மருந்து போட்ட கண் வெளிச்சம் தாங்காது என்பதால் கொசுவலையை நாலாக மடித்து முகமூடி தைத்தாள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் ஆகவே ஆகாது, அதனாலும் இந்த வியாதி கிளம்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு பக்கமும் நெல் வயல், மழைக்காலம், வரப்புக்கு வரப்பு எலிவளை. எங்கே போய் எதைத் தடுப்பது? சோழியை வெளியே விடாமல் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சுமந்து ஊற்றினாள். கொட்டகையைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, ஏறி இறங்கக் கல் படி போட்டாள். பெற்ற அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோதுகூட இவள் இவ்வளவு பார்க்கவில்லை என்று பக்கத்து வீட்டுக் காசம்மாள் நொடித்துக்கொண்டாள். இருக்கட்டும்.

கண் தெளியும். பதினைந்து நாள், இருபது நாள் தெளிவாக இருக்கும். பிரேமாவும் நம்புவாள். பிறகு ஒரு காலையில் மறுபடி இமை மூடியிருக்கும். இப்படி நாலு தரம் ஆனது. தை மாசம் வலது கண் சின்னதாகச் சுருங்கி, பால்போல் வெளுத்துவிட்டது. மாசியில் இடது கண்ணில் நீர் வந்தது. அன்றைக்கு அவள் மருந்துப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சொன்னபடி எல்லாம் செய்தாள், ஒருவேளை தவறவிட்டதில்லை. செய்யாமல் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்குமோ என்கிற நினைப்பை அவளால் தாங்கவே முடியவில்லை.

சித்திரை பிறந்தபோது சோழிக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை.

குருட்டுக் குதிரைக்குப் பயம்தான் பெரிய நோவு. முதல் வாரம் சுவரில் இடித்தது, தண்ணீர்த் தொட்டியில் இடித்தது, வியர்த்து நடுங்கி நின்றது. பிரேமா அதற்கு வார்த்தைகள் பழக்கினாள். வாய்க்கால் கல்லுக்கு அருகே வந்ததும் "படி" என்பாள். முன்னங்காலைத் தன் கையால் தூக்கிக் கல்லின்மேல் வைப்பாள். பள்ளம் வந்தால் "எறக்கம்". போதும் என்றால் "நில்லு". பத்து நாளில் பிடித்துக்கொண்டது. அவள் "படி" என்றால் போதும், காலை உயரத் தூக்கி, கல்லைத் தேடி வைத்து, ஏறிவிடும். தங்கராசு அதே வார்த்தையைச் சொன்னால் காதை மட்டும் ஆட்டிவிட்டு நிற்கும். குரல் அவளுடையதாக இருக்க வேண்டும். கண் இருந்தபோது ஊருக்கே சொந்தமாக இருந்தது, கண் போனபின் அவளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருந்தாலும், அதில் அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது. உயிரோடு இருக்கும் மட்டும் இப்படியே வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பில் மண் அள்ளிப் போட்டவர் முத்துசாமி.

அவர் பாடும் கஷ்டம்தான். பதினோரு சுழியும் பழுதில்லை என்று ஊரறியச் சொன்ன குதிரை குருடாகிவிட்டது. டீக்கடையில் சிரித்தார்கள். சித்திரைக் கடைசியில் அடித்த கோடைக் காற்றில் தங்கராசின் பந்தல் ஒன்று சரிந்து, மேடைப் பலகை விழுந்து அவன் கைவிரல் ஒடிந்தது. அடுத்த நாளே முத்துசாமி கொட்டகைக்கு வந்தார். சோழியின் பிடரி மயிரை விலக்கி, கண்ணாடியை ஏற்றி, நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை பிரேமா பார்த்தாள்.

"பன்னெண்டாவது ஒன்னு கீதுடா. பிடரிக்குள்ள மறைஞ்சுகினு கீது. பாடைச் சுழி. அன்னைக்குக் கூட்டத்துல கண்ணுல படல. இதக் கட்டி வெச்சுகினு நீ எந்திரிக்கவே முடியாது."

"பாடையா?" என்றான் தங்கராசு. கட்டுப்போட்ட விரலைப் பார்த்தான்.

"மாமா, அதுக்குக் கண்ணுல வியாதி. டாக்டரு சொன்னாங்க. புள்ளி ஜாதிக்கே வர்றது" என்றாள் பிரேமா.

"வியாதி ஏன் வந்துச்சு? அதச் சொன்னாங்களா ஒன் டாக்டரு?"

தங்கராசு கெட்டவன் இல்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தான். ஆனால் பயந்தவனிடம் பேசிப் பயன் இல்லை. பிரேமா கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்து பார்த்தாள். "வூட்டுல ஒரு சாவு வுழுந்தா நீ பதில் சொல்லுவியாடி?" என்று அவன் கேட்டான். அதற்கு எந்தப் பெண்தான் பதில் சொல்ல முடியும்?

வைகாசியில் கடலூர்ப் பக்கத்திலிருந்து அருள்முருகன் என்பவன் குட்டியானை வண்டியில் டிரைவரோடு வந்து இறங்கினான். கல்யாணங்களுக்குக் குதிரை விடுவதுதான் அவன் பிழைப்பு. வருவதற்கு முன்தினம் முத்துசாமி கத்தரிக்கோலோடு வந்து சோழியின் பிடரி மயிரை ஒட்ட வெட்டிவிட்டார். பாடைச் சுழி தெரியக் கூடாதாம். கண்ணை மறைக்க யாருக்கும் எந்த ஏற்பாடும் தோன்றவில்லை. மறைக்க வேண்டியது அது என்றே அவர்களுக்குப் படவில்லை.

அருள்முருகனுக்கும் சுழி பார்க்கத் தெரிந்திருந்தது. நெற்றி, கழுத்து, மார்பு, விலா. பிரேமா ஈக்காக இன்னும் கட்டிவந்த கொசுவலை முகமூடியை அவன் கழற்றச் சொல்லவே இல்லை. கண்ணுக்குக் கீழே மட்டும் வலையைத் தூக்கி, தடத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டான். பிரேமா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தியூரில் நடந்ததே இங்கே மறுபடி நடந்தது. இந்தத் தடவை அவள் சும்மா இருப்பதாக இல்லை.

"தம்பி, அதுக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு கண்ணும் தெரியாது."

தங்கராசு பல்லைக் கடித்தான். பிரேமா தானே போய் முகமூடியை அவிழ்த்துக் காட்டினாள். அருள்முருகன் சோழியின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான். விரலைச் சொடுக்கி, மறுபடி சத்தமில்லாமல் ஆட்டினான். பிறகு சிரித்தான்.

"அட, நல்லதாப் போச்சுக்கா! போன முகூர்த்தத்துல ட்ரோன் பறக்கறதப் பாத்து என் குதிரை மெரண்டு மாப்பிள்ளையக் கீழ தள்ளிருச்சு. லேசர் லைட்டு, கேமரா ஃபிளாஷு, எல்லாத்துக்கும் மெரளுது. கண்ணு இருந்தாத்தானே மெரளும்? கூலிங் கிளாஸ் மாட்டி வுட்டா ஜம்முனு இருக்கும். புள்ளிக் குதிரை வேற."

"வெடிச் சத்தம் கேக்குமே, தம்பி. பயந்துபோவும். எது எங்கேந்து வருதுன்னு அதுக்குத் தெரியாது."

"எல்லாம் பழகிடும்."

உண்மையைச் சொன்னால் சோழி தப்பிவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். சொன்ன உண்மையே விலை பேசிவிட்டது. அவளுக்கு இனி கையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதை அவள் நம்பவும் இல்லை.

"அதுக்குப் பாடைச் சுழி கீது" என்றாள்.

அருள்முருகனின் சிரிப்பு நின்றது. இரண்டடி பின்னால் போனான். வண்டி டிரைவர் பீடியைக் கீழே போட்டான். ஒரு கணம், ஒரே கணம், பிரேமாவின் நெஞ்சு குதித்தது.

"பெரியவரே, இன்னா இது?"

முத்துசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "பொம்பள ஆசையா வளத்துச்சு, அனுப்ப மனசில்ல. நாப்பது வருசமாச் சுழி பாக்கறவன் நான். எங்க கீது, காட்டச் சொல்லு."

பிரேமா ஓடிப்போய்ப் பிடரியில் கைவைத்தாள். முந்தின நாள் வெட்டிய மயிர் முள்ளுமுள்ளாக நின்றது. இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். மயிரை வெட்டினால் சுழி போய்விடாது, அடியில் திரும்பின திசை விரலில் நிரடும் என்று இத்தனை வருசம் இந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அவளுக்குத் தெரியும். ஒன்றும் நிரடவில்லை. எல்லாம் ஒரே பக்கமாக, நேராக, ஒழுங்காக இறங்கியிருந்தது. அங்கே சுழி என்று ஒன்று இருந்ததே இல்லை. அவள் நிமிர்ந்து முத்துசாமியைப் பார்த்தாள். அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்கதானே சொன்னீங்க? ஏங்க, ஒங்க எதுர்லதானே சொன்னாரு?"

தங்கராசு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியப்பாவைப் பொய்யன் என்று சொல்ல அவனால் முடியாது. சுழி இல்லை என்றால் சோழியை விற்கக் காரணமும் இல்லை என்பதை யோசிக்க அவனுக்குத் தைரியமும் இல்லை. அருள்முருகன் வந்து பெருவிரலால் பிடரி முழுக்க அழுத்திப் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்லையேக்கா. கொழந்த மாதிரி வளத்துட்டீங்க, புரியுது. நல்லாப் பாத்துக்கறேன்."

பேச்சு முடிந்தது. வண்டியின் பின்கதவைத் திறந்து, தங்கராசின் மணவறை மேடைப் படிக்கட்டைக் கொண்டுவந்து சாத்தினார்கள். பச்சை வெல்வெட் ஒட்டின மூன்று படி. டிரைவர் கயிற்றைப் பிடித்து இழுத்தான். சோழி நாலு காலையும் ஊன்றி நின்றது. இழுக்க இழுக்கப் பின்னால் சாய்ந்தது. முன்னங்கால் பலகை விளிம்பில் மோதி முட்டிக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வந்தது. டிரைவர் அதை அடக்க அதன் மேல் உதட்டில் சுருக்குப் போடக் கயிறு தேடினான். அருள்முருகன் பின்னாலிருந்து கம்பால் ஓங்கி ஒன்று வைத்தான். சோழி கத்தியது. முகத்தை இங்கும் அங்கும் திருப்பியது. அடி எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியவில்லை. அவளைத்தான் தேடியது.

பிரேமா எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? கம்பு இரண்டாம் தரம் ஓங்கியபோது, "அடிக்காதீங்க" என்று கத்திக்கொண்டு உள்ளே புகுந்தாள். கயிற்றை வாங்கினாள். கழுத்தைத் தடவினாள். நடுக்கம் அடங்கும்வரை காதருகே நின்றாள். சோழி தாடையைத் தூக்கி அவள் தோள்மேல் வைத்துக்கொண்டது. அவள் கிடைத்துவிட்டாள், இனி பயமில்லை என்று அது நினைத்தது.

"படி" என்றாள் பிரேமா.

சோழி வலது முன்னங்காலை உயரத் தூக்கி, தேடி, முதல் படியில் வைத்தது.

"படி."

இரண்டாவது.

"படி."

மூன்றாவதும் ஏறி, வண்டிக்குள் நின்றது. ஒரு தயக்கம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. "நில்லு" என்றாள். நின்றது. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. அவள் தன் கையாலேயே முடித்துவிட்டாள்.

கீழே இறங்கியபோது அருள்முருகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"சூப்பர்க்கா! மண்டபத்துல மேடை ஏத்தி போட்டோ எடுக்கறதுக்கு இது போதும். இன்னா சொன்னீங்க, படியா?" வண்டிக்குள் எட்டிப் பார்த்து அவனே சொன்னான். "படி!"

சோழி காதை ஆட்டியது. அசையவில்லை.

"நீங்க சொன்னாத்தான் கேக்குமா?" செல்போனை எடுத்து அவள் வாயருகே நீட்டினான். "இதுல சொல்லிடுங்கக்கா. ரெக்கார்டு பண்ணிக்கறேன். ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்."

பிரேமா தங்கராசைப் பார்த்தாள். அவன் படிக்கட்டைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான். சொல்லாவிட்டால் அங்கே கம்பால் சொல்வார்கள். சொன்னால் அவள் குரலே சோழியை எந்தெந்த ஊர் மேடையிலோ, எந்தெந்த வெடிச் சத்தத்துக்குள்ளோ ஏற்றும். அவள் வாயைத் திறந்தாள். கனைத்துவிட்டுச் சொன்னாள்.

"படி... படி... படி."

"ரெக்கார்டுல விழுந்துச்சான்னு பாக்கறேன்" என்று அருள்முருகன் பித்தானை அமுக்கினான்.

செல்போனுக்குள்ளிருந்து பிரேமா பேசினாள். வண்டிக்குள் சோழி சட்டென்று காதை நிமிர்த்தியது. வலது முன்னங்காலை உயரத் தூக்கி, இல்லாத படியைக் காற்றில் தேடி, கிடைக்காமல், பலகையில் தடுமாறி வைத்தது. மறுபடி தூக்கியது. பிரேமா மூன்று தரம் சொல்லியிருந்தாள். மூன்று தரமும் தூக்கியது.